கிளிநொச்சி நடனச் செயலமர்வு: 3500 ரூபாவுக்கு என்ன கிடைத்தது

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் விசாரித்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டதும் அதைத்தான். ஆசிரியர்களுக்கு 3500 ரூபா, உயர்தர மாணவர்களுக்கு 1500. மதியச் சாப்பாடும் தேநீரும் அதற்குள். பாடசாலை விடுமுறையில், கிளிநொச்சியில் ஏ9 வீதியை அண்டிய ஒரு மண்டபத்தில், சனியும் ஞாயிறும் நடந்தது. ‘நடனத்தில் தொழில்வாழ்க்கை: ஆற்றுகை, நடன அமைப்பு, ஆய்வு, பல்கலைக்கழகக் கற்பித்தல்’ என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தார்கள். நடத்தியவர் பல்கலைக்கழகத்தில் சிரேஷ்ட விரிவுரையாளர்; இன்றைக்கும் மேடையில் ஆடுகிறவர். பெயர்கள் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன். வன்னி சின்ன இடம், நாளைக்கு ஒரே பஸ்ஸில் ஏற வேண்டியவர்கள். நடத்தியவரை ‘ரீச்சர்’ என்றே எழுதுகிறேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் நடனம் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில், அது இராமநாதன் நுண்கலைக்கழகமாக இருந்த காலத்தில், நுண்கலைமாணிப் பட்டம் முடித்தவள். வாணி விழா, பரிசளிப்பு, தமிழ்மொழித் தினப் போட்டி, யாராவது பெரிய ஆள் வந்தால் வரவேற்பு நடனம் என்று வருடம் ஓடிவிடும். பட்டப்படிப்பில் படித்த பாதி எங்கே போனது என்று எனக்கே தெரியாது. ஆகவே, காசு கொடுத்துப் போன ஓர் ஆசிரியை எழுதும் விமர்சனம் என்று இதை வாசியுங்கள்.

குறைகளை முதலில் முடித்துவிடலாம். மண்டபத்துக்குப் புதிதாக டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். கலியாணத்துக்கு நல்லது, காலைத் தட்டி ஆடும் தட்டடவுக்கு நாசம். பரதத்தில் உள்ளங்கால் முழுதாகத் தரையில் விழ வேண்டும். டைல்சுக்குக் கீழே கொங்கிறீட் என்றால் அந்த அடி திரும்பி முழங்காலுக்குத்தான் ஏறும். வியர்வை பட்டால் வழுக்கவும் செய்யும். ரீச்சர் வந்த உடனே செருப்பைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மேடையின் பலகைத் தளத்தில் மட்டும், ஐந்தைந்து பேராக ஏற்றிப் பயிற்சி தந்தார். மற்றவர்கள் கீழே கதிரையில் இருந்து கையால் தாளம் போட்டோம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நேரம் தின்றது.

ஒன்பது மணி என்று போட்டிருந்தது பத்தேகாலுக்குத்தான் தொடங்கியது. மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, அப்புறம் தலைமையுரைக்கு ஒரு நன்றியுரை. புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்துப் பரந்தன் வழியாக வந்த எங்களில் பாதிப் பேர் ஆசியுரையிலேயே கண்ணயர்ந்துவிட்டோம். திரையில் காட்டிய குறிப்புகள் எல்லாம் ஆங்கிலம். உயர்தரப் பிள்ளைகள் அவற்றைப் போனில் படமெடுத்துக்கொண்டார்கள். வாசித்த மாதிரித் தெரியவில்லை. தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். சாப்பாடு குறை சொல்ல முடியாது. மரவள்ளிக்கிழங்குக் கறி கேட்டுக் கேட்டு வாங்கினோம்.

இனி, ஏன் போகச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

சனிக்கிழமை முதல் அமர்வுக்குத் தலைப்பு ‘ஆய்வு’. விட்ட நித்திரையைத் தொடரலாம் என்றுதான் இருந்தேன். ரீச்சர் நாட்டிய சாத்திரத்தின் நாலாம் அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு சுலோகத்தை எடுத்தார். அதில் சொல்லப்படும் 108 கரணங்கள் என்ற ஆடல் அலகுகளில் முதலாவதான தலபுஷ்பபுடம். கைகள் புஷ்பபுடமாக இடப்பக்கம், பாதம் அக்ரதலசஞ்சரம், விலாப்பக்கம் சன்னதம். சுலோகத்தில் இருப்பது அவ்வளவுதான். “சரி, செய்யுங்கோ” என்றார். மேடையில் நின்ற ஐந்து பேரும் பூவை ஏந்துவதுபோல் இரு கைகளையும் சேர்த்து இடப்பக்கம் கொண்டுபோய், குதியைத் தூக்கி, முன்பாதத்தை ஊன்றி, விலாவை வளைத்துப் படத்துக்கு நிற்பதுபோல நின்றோம்.

“வடிவாயிருக்கு. இங்க எப்பிடி வந்தனீங்கள்? இனி எங்க போவீங்கள்?”

ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் நாலு வருடப் படிப்பில் கேட்காமல் இருந்திருக்க மாட்டேன். உடம்பில் ஏறியது அன்றைக்குத்தான். கையும் காலும் சேர்ந்து இயங்குவதே கரணம் என்றுதான் அந்த நூலே வரையறை சொல்கிறது. சிதம்பரம் கோபுர வாசலில் 108ஐயும் சிற்பமாகக் காணலாம், சுலோகங்கள்கூட அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் 81 மட்டும் செதுக்கி, மிச்சக் கற்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஆனால் சிற்பி ஓர் அசைவின் ஒரு கணத்தைத்தான் கல்லில் பிடிக்கலாம். எந்தக் கணம் என்பது அவனுடைய தெரிவு. கலாநிதிப் பட்டத்துக்காகக் கரணங்களை எடுத்துக்கொண்ட பரதக் கலைஞர் பத்மா சுப்ரமணியம், இவை நிலைகள் அல்ல, அசைவுகள் என்று வாதிட்டதோடு நிற்காமல் தானே ஆடிக் காட்டினார்.

ரீச்சரும் ஆடிக் காட்டினார். ஐம்பது வயதைத் தாண்டியவர், முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். சமபாதத்தில் நின்று, அதே தலபுஷ்பபுடத்துக்கு மூன்று வழியால் வந்து சேர்ந்தார். மூன்றும் சுலோகத்துக்கு ஒத்துத்தான் இருந்தன. ஆனால் ஒன்றில் உடம்பின் பாரம் மாறிய காலில் நின்றதால், அங்கிருந்து அடுத்த கரணத்துக்குக் கிளம்ப முடியவில்லை. காலை மாற்ற ஒரு சின்னத் தடுமாற்றம் வேண்டியிருந்தது. “இந்த வழி பிழை எண்டு எனக்குப் புத்தகம் சொல்லேல்ல, முழங்கால் சொன்னது. ஆனா எதைத் தேடுறது எண்டு முழங்காலுக்குச் சொன்னது புத்தகம்.” ஆடுகிறவரும் ஆராய்கிறவரும் ஏன் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. 3500இல் 2000 அந்த ஒரு மணித்தியாலத்துக்கே சரி.

இடையில் ஒரு செய்தி சொன்னார், பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொண்டது. நாங்கள் அசம்யுத ஹஸ்தம், அதாவது ஒற்றைக்கை முத்திரை, 28 என்று பாடமாக்கும் அபிநய தர்ப்பணம் என்ற நூலை 1917இலேயே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தாய்மாமன் மகன். மருதனார்மடத்தில் நாலு வருடம் இராமநாதனின் பெயரில் இருந்த இடத்தில் படித்தும் இந்த உறவுமுறையை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

மத்தியானம் நடன அமைப்பு. குழுவாகப் பிரிந்து, எங்கள் ஊரில் உள்ள ஒன்றை ஐந்து நிமிடத்துக்கு அமைக்கச் சொன்னார். எங்கள் குழுவில் மூன்று ஆசிரியைகள், இரண்டு உயர்தரப் பிள்ளைகள். முல்லைத்தீவுக்காரர் வேறு எதை எடுப்போம்? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி கிழவி வடிவத்தில் மாடு மேய்க்கும் பிள்ளைகளிடம் வருகிறாள், பசிக்கிறது என்கிறாள், பொங்குகிறார்கள், விளக்கேற்ற எண்ணெய் இல்லை, கடல் தண்ணீரை விட்டு ஏற்றச் சொல்கிறாள், பிறகு தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள், பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண்.

எங்கள் அமைப்பு எப்படி இருந்திருக்கும் என்று நடனம் படிப்பிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூந்தலை வகிர ஒரு முத்திரை, பேனை எடுக்கச் சந்தம்ச முத்திரை, கண்களைக் கண்டதும் எல்லாருமாக ஒரு பாய்ச்சல் பின்னுக்கு, கையில் அலபத்ம முத்திரை, முகத்தில் அற்புத ரசம். தமிழ்த்தினப் போட்டியில் இதற்கு மாகாணம் வரைக்கும் போகலாம்.

ரீச்சர் சிரித்தார். “உங்களுக்குப் பேன் பார்க்கத் தெரியாதோ?” உயர்தரப் பிள்ளை ஒருத்தியை இருத்தி, என்னை அவள் தலையில் உண்மையாகவே பார்க்கச் சொன்னார். நான் விரலால் வகிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, “இப்ப கண்டுட்டீங்கள்” என்றார். நான் உடனே கண்ணை விரித்தேன். “இல்லை. கண் பிறகு. விரல்தான் முதல் நிக்கும்.” சரிதான், பேனோ ஈரோ தட்டுப்பட்டால் வீட்டில் நாங்கள் எல்லாரும் செய்வது அதுதான், விரல் அப்படியே நின்றுவிடும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, முழுக்க விரல் அசையக் கூடாது, பாட்டு அது பாட்டுக்குப் போகட்டும் என்றார். கையை எடுத்துவிட்டுப் பின்னுக்குப் பாய்வதையும் நிறுத்தினார். “கையை எடுத்தா மயிர் மூடிப்போடும். கண்டது பொய்யாப் போயிடும். அந்தப் பிள்ளைக்குப் பயம், ஆனா கையை எடுக்கவும் பயம்.” அடுத்த முறை ஆடியபோது மண்டபம் அடங்கிப் போனது. மாற்றியது இரண்டே இரண்டு விடயம்.

விளக்குக் கட்டத்திலும் பிடித்தார். நாங்கள் அலையைக் காட்டி, நீரை அள்ளி, திரியை ஏற்றினோம். “கடல் தெரியுது. உப்புத் தெரியேல்ல. தண்ணியில விளக்கெரியுறதுதான் அதிசயம் எண்டா, அது தண்ணி எண்டதை எனக்கு முதல் காட்டுங்கோ.” கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி யாரும் கேட்காமலே விரலைத் தோய்த்து வாயில் வைத்து, முகத்தைச் சுளித்துத் துப்பி, கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே வைத்துக்கொண்டோம். எந்த முத்திரை என்று ரீச்சர் கேட்கவில்லை.

பிறகு கேட்ட கேள்விதான் கொஞ்சம் சுட்டது. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கெரிப்பது இன்றைக்கும் நடக்கிறது. “தீர்த்தம் எடுக்கிறவர் கடலுக்குள்ள எப்பிடி இறங்குவார்? குடத்தை எப்பிடிக் கொண்டு வருவார்? நடையா, ஓட்டமா?” வருடாவருடம் பொங்கலுக்குப் போகிற மூன்று ஆசிரியைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய கொப்பியில் அது திகதியோடு எழுதப்பட்டிருந்தது.

அன்றிரவு வீட்டுவேலை. ஊரில் கூத்து ஆடிய ஒருவரிடமிருந்து ஒரே ஒரு தாளக்கட்டை, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்கட்டை, எழுதிக்கொண்டு வர வேண்டும். யார் சொன்னது, கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாரிடம் பழகியது, எந்த வருடத்துக் கூத்துக் களரி என்பதோடு. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்துக்கு முல்லைமோடி என்று தனிப்பெயரே உண்டு. எங்கள் பெரியப்பா அதில் ஆடியவர். போனில் கேட்டேன். கூத்துக் கொப்பி 2009இல், இறுதிப் போரில், மாத்தளனோடு போய்விட்டது என்றார். வரவுப் பாட்டு ஒன்றையும் அதன் தாளக்கட்டையும் இருமி இருமிச் சொன்னார். நான் எழுதினேன். ஆய்வு என்றால் நூலகத்தில் இருக்கும் ஒன்று என்ற எண்ணம் வன்னியில் இருப்பவர்களுக்கு ஒத்துவராது. எங்களிடம் நூலகம் பெரியப்பாமார்தான், அவர்களுக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது.

ஞாயிறு காலை இந்தத் தாளக்கட்டுகளை வைத்துக்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழகக் கதையைச் சொன்னார். சரச்சந்திர 1956இல் மனமே என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றிய பிறகு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தது. கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை. அந்த இராவணேசனில் மாணவனாக நின்று இராவணனை ஆடிய சி. மௌனகுரு, பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆய்வுக்கு எடுத்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அதே இராவணேசனைத் திரும்பவும் தயாரித்தது. ஆடி, அமைத்து, ஆராய்ந்து, படிப்பித்த ஒருவர் எப்படி இருப்பார் என்று காட்ட சென்னை அடையாறு கலாக்ஷேத்திரா வரைக்கும் போகத் தேவையில்லை என்பது அவர் சொல்ல வந்தது. பெண் ஒருவரின் உதாரணத்தையும் எங்கள் நாட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. முன்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

தொழில்வாழ்க்கை பற்றிய பகுதி ஞாயிறு மத்தியானம். இதற்காகத்தான் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். வழி நேரானது: உயர்தரத்தில் நடனம், விண்ணப்பம், செயன்முறைப் பரீட்சை, நாலு வருட நுண்கலைமாணி, அதன் பிறகு முதுமாணி, கலாநிதி. தமிழில் படிக்க மருதனார்மடம், இல்லாவிட்டால் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 2021இல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. அங்கே பிரயோக விஞ்ஞானம், வியாபாரம், தொழில்நுட்பம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் தொழில்நுட்பமும். ஆடப் படிக்க வேண்டுமானால் வன்னியை விட்டுப் போகத்தான் வேண்டும்.

ஒரு பிள்ளை எழும்பி, பட்டம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் நடனம் படிப்பிக்க ஏலாதா என்று கேட்டாள். ரீச்சர் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைச் சொன்னார். 1960களில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், படித்து வாங்கிய பட்டம் எதுவும் இல்லை. “ஆனா அவவுக்குப் பின்னால ஏழு தலைமுறை இருந்தது. உங்களிட்டயும் இருந்தா விண்ணப்பப் படிவத்தில எழுதுங்கோ.” மண்டபம் சிரித்தது, அவளும் சிரித்தாள்.

தன் நாளைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். காலையில் தாளம் தட்டும் தட்டுக்கழியோடு செயன்முறை வகுப்பு, அதன் பிறகு கோட்பாட்டு விரிவுரை, ஆய்வேடு திருத்தல், கூட்டம், பின்னேரம் ஒத்திகை, இரவில் தன் கட்டுரை. மேடையில் ஆடியதைவிட, ஆடியதைப் பற்றி எழுதியதுதான் பதவியுயர்வுக் கோப்பில் சுலபமாக ஏறுகிறது என்று ஒரு மனத்தாங்கலும் இருந்தது. “பேராசிரியர் பதவி அறுபதிலயும் வரும். முழங்கால் அதுவரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காது” என்றார். அதனால் இருபதுகளில் ஆடுங்கள், ஆடும்போதே குறிப்பெழுதுங்கள், எழுத்தைப் பிறகும் பார்க்கலாம் என்பது அவர் சொன்ன ஒழுங்கு. என் வயதில் கேட்க அவ்வளவு வசதியான ஒழுங்கு அல்ல, ஆனால் பிள்ளைகளுக்குச் சரி.

பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அது காசு. ‘ஆற்றுகை’ என்று முதலில் போட்டுவிட்டு, ஆடிச் சாப்பிட முடியுமா என்பதற்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. பக்கவாத்தியத்துக்கு, உடுப்புக்கு, ஒப்பனைக்கு, மண்டபத்துக்கு யார் காசு போடுவது? வெளிநாட்டிலிருந்து சொந்தம் அனுப்பினால் அரங்கேற்றம், இல்லாவிட்டால் சலங்கை பூசையோடு சரி என்பதுதான் எங்கள் பக்கத்து நிலைமை. பட்டம் முடித்தவர்கள் ஆசிரியர் நியமனம் வரும்வரைக்கும் வீட்டில் இருப்பதும் எல்லாருக்கும் தெரியும். கமத்தை நம்பிப் பிள்ளையை அனுப்பும் ஒரு தகப்பனுக்கு இதுதான் முதல் கேள்வி. அதைத் துண்டுப்பிரசுரத்திலும் போடவில்லை, மேடையிலும் நின்று பேசவில்லை. இவ்வளவு ஒளிவுமறைவில்லாத ஒருவர் இதையும் ஒரு அமர்வாக வைத்திருந்தால் கேட்கக்கூடியதாக இருந்திருக்கும்.

யார் போகலாம்? உயர்தரத்தில் நடனம் எடுக்கும் பிள்ளைகள் கட்டாயம். 1500 ரூபாவுக்கு இப்படி ஒரு ஆளிடம் இரண்டு நாள் நிற்கக் கிடைக்காது. பாடசாலை ஆசிரியைகள் போகலாம், போட்டிக்குத் தயாரான நடனம் ஒன்றோடு திரும்பலாம் என்று நினைக்காமல். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த இரண்டு தாய்மார் முதல் நாள் மத்தியானமே போய்விட்டார்கள், அவர்கள் பிழை இல்லை; வயதெல்லை போட்டிருக்க வேண்டும். பயிற்சிச் சேலை, துவாய், தண்ணீர்ப் போத்தல், கொப்பி கொண்டுபோங்கள். சான்றிதழ் தருகிறார்கள், சம்பள ஏற்றத்துக்கு உதவாது.

அடுத்தது வவுனியாவில் டிசம்பர் விடுமுறையில் வைக்கப் போகிறார்களாம். காசு கட்டுவதற்கு முன் தரை பலகையா டைல்ஸா என்று கேளுங்கள். டைல்ஸ் என்றால் நான் கதிரையில் இருந்து ஆய்வு அமர்வை மட்டும் கேட்கிறேன், அதற்கு அரைக் கட்டணம் எடுப்பீர்களா என்று ஒழுங்கமைத்தவர்களுக்கு வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டிருக்கிறேன்.